நரிக்குத் தெரியாத குரல்

மருதங்குளத்துக் காட்டில் விலங்குகளின் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. குளத்தின் மேற்குக் கரையில் நின்ற பெரிய மருதமரத்தின் அடிதான் வகுப்பறை. அங்கே ஆறு பிள்ளைகள் படித்தார்கள். நரியின் மகன் செவலை, குரங்கின் மகன் துள்ளன், முயலின் மகள் பஞ்சி, முள்ளம்பன்றியின் மகன் ஊசி, அப்புறம் அணில் வீட்டு இரட்டைப் பிள்ளைகள் இருவர்.

பள்ளிக்கூட நேரத்தில் யாரும் யாரையும் தின்னக் கூடாது என்பது அந்தக் காட்டின் சட்டம். அதை எல்லோரும் மதித்தார்கள். மற்றபடி அந்த வகுப்பில் எந்தச் சட்டமும் நிற்கவில்லை.

துள்ளன் ஓர் இடத்தில் உட்கார மாட்டான். செவலை வாயைத் திறந்தால் கத்தல்தான். அணில்கள் ஒன்றின் வாலை ஒன்று இழுத்துக்கொண்டே இருக்கும். ஊசியின் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். முள் குத்திவிடும் என்று பயம். பஞ்சி பேசவே மாட்டாள். அவள் வகுப்புக்கு வந்திருக்கிறாளா இல்லையா என்பதே பாதி நாள் யாருக்கும் தெரியாது.

பழைய வாத்தியார் ஒரு கொக்கு. அவர் ஒற்றைக் காலில் நின்றபடி, "கவனி! கவனி!" என்று நாள் முழுக்கக் கத்துவார். பிள்ளைகள் அந்த ஒரு சொல்லை மட்டும் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். ஒருநாள் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அதோடு வேலையை விட்டுவிட்டுப் பறந்து போனார்.

அவர் இடத்துக்கு ஒரு மரங்கொத்தி வந்தார். பெயர் செங்கொண்டை. வயது குறைவு. இதுதான் முதல் வேலை. அவருக்குப் பயம் வந்தால் பக்கத்தில் இருக்கும் மரத்தை 'டொக் டொக்' என்று கொத்துவார். முதல் இரண்டு நாளும் கொத்திக்கொண்டேதான் இருந்தார்.

"பிள்ளைகளே, எழுத்துப் படிக்கலாமா?" என்பார்.

"கவனி! கவனி!" என்று பஞ்சியைத் தவிர ஐந்து பேரும் சேர்ந்து கத்துவார்கள்.

டொக் டொக் டொக்!

மூன்றாம் நாள் செங்கொண்டை டீச்சருக்கு என்ன செய்வதென்றே புரியவில்லை. யோசித்துப் பார்த்தார். மரத்தைக் கொத்தும்போது நாம் என்ன செய்கிறோம்? ஒரு கொத்து கொத்திவிட்டு, காதை வைத்துக் கேட்கிறோம். உள்ளே புழு நெளிகிற சத்தம் கேட்டால்தான் மறுபடி கொத்துகிறோம். தனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அதையே சொல்லிக் கொடுத்தால் என்ன?

"பிள்ளைகளே, எல்லாரும் கண்ணை மூடுங்க!" என்றார்.

"தூங்கணுமா டீச்சர்?" என்று கேட்டான் துள்ளன்.

"தூங்கக் கூடாது."

"அப்ப எதுக்கு மூடணும்?"

"கேட்கறதுக்கு!"

"கண்ணாலயா கேட்கறோம்?" என்று ஒரு அணில் கேட்டது. மற்ற அணில் விழுந்து விழுந்து சிரித்தது.

டீச்சருக்கே ஒரு நொடி குழம்பிவிட்டது. ஆனால் விடவில்லை. மரத்தின் உச்சிக்குப் பறந்து போய் ஒரு பழுத்த இலையைக் கிள்ளினார். "இந்த இலையை இப்ப விடப் போறேன். இது தரையில வந்து விழற வரைக்கும் யாரும் பேசக் கூடாது. அதுக்குள்ள உங்க காதுல எத்தனை சத்தம் விழுதுன்னு எண்ணுங்க!"

இலை ஆடி ஆடிக் கீழே வந்தது.

"எத்தனை?"

"எனக்கு ஒண்ணும் கேட்கல டீச்சர்! நான் பேசிக்கிட்டிருந்தேன்!" என்றான் துள்ளன்.

"ரெண்டு!" என்று கத்தினான் செவலை. "ஒண்ணு துள்ளன் பேசினது. இன்னொண்ணு, பேசாதடான்னு நான் கத்தினது!"

அப்போது பஞ்சி மெல்ல ஒரு காதைத் தூக்கினாள். "பதினாலு" என்றாள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "பதினாலா! பொய்!" என்றான் செவலை.

"பொய் இல்ல. நண்டு வளைக்குள்ள மண்ணைத் தள்ளுச்சு. தவளை தண்ணியில குதிச்சுது. எறும்பு ஒண்ணு காஞ்ச இலை மேல ஏறுச்சு. அப்புறம் துள்ளனோட வயிறு கொடகொடன்னு சொல்லுச்சு."

துள்ளன் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தான். "ஆமா! எனக்குப் பசிக்குது! இது எப்படி உனக்குக் கேட்டுச்சு?"

பஞ்சி அந்த வகுப்பில் பேசியது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு, 'நானும் எறும்பு நடப்பதைக் கேட்பேன்' என்று மற்ற ஐந்து பேரும் பிடிவாதமாகக் கண்ணை மூடினார்கள். எறும்பு எப்படி நடக்கும், எப்படிச் சத்தம் போடும் என்று யாருக்கும் புரியவில்லை. ஆனால் வகுப்பில் முதன்முதலாகக் கொஞ்ச நேரம் அமைதி வந்தது. டீச்சர் மரத்தைக் கொத்த மறந்துபோனார்.

மறுநாள் ஒரு மண்கலயத்தின் வாயை இலையால் மூடி வைத்தார். பிள்ளைகள் கையை மட்டும் உள்ளே விட்டு, தொட்டுப் பார்த்து, என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

"வழுவழுன்னு இருக்கு! பாம்பு!" என்று துள்ளன் அலறியடித்துக்கொண்டு மரமேறினான்.

அது நனைந்த வாழைப்பட்டை.

"சொரசொரன்னு இருக்கு. எங்கப்பாவோட காலு!" என்றான் செவலை.

அது காய்ந்த பனங்கொட்டை.

அதற்கடுத்த நாள் வாசனை. துளசி, வேப்பம்பூ, மழை நனைத்த மண், பழுத்த நாவல் என்று ஒவ்வொன்றாக மூக்கருகே வந்தது. இப்படியே நாட்கள் போயின. பிள்ளைகளுக்குச் சில சமயம் இது பாடமா விளையாட்டா என்றே தெரியாது. டீச்சருக்கும் சில சமயம் தெரியாது.

இதில் எல்லாவற்றையும்விடக் கஷ்டமான விளையாட்டு ஒன்று இருந்தது. எல்லோரும் வட்டமாக உட்கார வேண்டும். ஒரு கொட்டாங்கச்சி நிறையத் தண்ணீர். அதை ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாற்றி, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் ஒரு சுற்று கொண்டுவர வேண்டும்.

முதல் நாள் தண்ணீர் முழுக்க அணில்களின் தலையில் கொட்டியது. இரண்டாம் நாள் துள்ளன் தாகத்தில் குடித்துவிட்டான். மூன்றாம் நாள் கொட்டாங்கச்சி பாதிச் சுற்றுவரை நன்றாக வந்தது. ஊசியின் பக்கம் வந்ததும் நின்றது. ஏனென்றால் ஊசிக்கு இரண்டு பக்கமும் யாரும் இல்லை. கை எட்டவில்லை.

"கிட்ட வாடா!" என்று கத்தினான் செவலை.

சட்டென்று ஊசியின் முட்கள் எல்லாம் சிலிர்த்து நின்றன. அணில்கள் ஓடிப்போயின.

"பார்! இவன் வேணும்னே பண்றான் டீச்சர்!"

"நான் வேணும்னு பண்ணல" என்றான் ஊசி. அவனுக்கு அழுகை முட்டியது. "பயந்தா முள்ளு தானா எழும்பிடும். நீ கத்தறதுனாலதான் எனக்குப் பயமா இருக்கு."

செவலைக்குக் குழப்பமாக இருந்தது. கத்தாமல் எப்படிப் பேசுவது? அவன் வீட்டில் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். அவன் வாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். கடைசியில் அவனுக்கே கேட்டும் கேட்காமலும் ஒரு குரல் வந்தது.

"ஊசி... வா."

முட்கள் ஒவ்வொன்றாகப் படுத்தன. ஊசி மெல்ல நகர்ந்து வந்து செவலையின் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தான். குத்தவில்லை. அதைப் பார்த்து அணில்களும் திரும்பி வந்து அவனுடைய மறுபக்கம் உட்கார்ந்தன.

அன்று கொட்டாங்கச்சி முழுச் சுற்று வந்தது. ஒரு சொட்டும் சிந்தவில்லை. அன்றிலிருந்து செவலை வகுப்பில் அந்த மெல்லிய குரலில்தான் பேசினான்.

இங்கே இப்படி இருக்க, வீடுகளில் பெற்றோருக்குத் தலைசுற்றியது.

"இன்னிக்கு என்ன படிச்ச?" என்று செவலையின் அப்பா கருவாலன் கேட்டார். அந்தக் காட்டில் கருவாலன் பெரிய ஆள். எந்தக் கூட்டம் என்றாலும் முதலில் பேசுவதும் அவர்தான், கடைசியில் பேசுவதும் அவர்தான்.

"சத்தம் படிச்சோம்ப்பா!" என்று செவலை வழக்கம்போல் உரக்கச் சொன்னான். வீட்டில் அப்படிச் சொன்னால்தான் காதில் விழும்.

"என்ன சத்தம்?"

"எறும்பு நடக்கிற சத்தம்!"

"நேத்து?"

"நேத்து வாசனை!"

"முந்தாநாள்?"

"தண்ணியைக் கையில வச்சுக்கிட்டு சும்மா உட்கார்ந்திருந்தோம்!"

கருவாலன் மனைவியைப் பார்த்தார். மனைவி கருவாலனைப் பார்த்தாள். "ரெண்டும் மூணும் எத்தனைன்னு சொல்லு!" என்று கேட்டார் கருவாலன்.

"எதுல ரெண்டுப்பா? புளியங்கொட்டையா, வேப்பங்கொட்டையா? புளியங்கொட்டைன்னா வழுவழுன்னு இருக்கும்..."

"போதும்!" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்துப் புதரிலிருந்த காடைகள் பறந்தன.

குரங்கு வீட்டிலும் இதே கதைதான். "என் பையன் நாவல்பழத்தைத் தின்னாம அரை நாழி மோந்து பார்க்கிறான்! இவனுக்கு உடம்புக்கு என்னவோ ஆயிடுச்சு!" என்று மந்தியம்மா புலம்பினாள். முயலம்மாவுக்கோ வேறு குழப்பம். "பேசாத பொண்ணு இப்ப பேசறா. ஆனா அவ பேசறதுல ஒண்ணுமே எனக்குப் புரியல!"

வெள்ளிக்கிழமை காலையில் கருவாலன் எல்லாப் பெற்றோரையும் மருதமரத்தடிக்கு அழைத்து வந்துவிட்டார். பிள்ளைகள் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். செங்கொண்டை டீச்சர் தாழ்ந்த கிளையில் நின்றார்.

"டீச்சர்! ஒரு மாசமா என்ன சொல்லிக் கொடுத்தீங்க?" என்று ஆரம்பித்தார் கருவாலன்.

"வந்து... கேட்க, தொட்டுப் பார்க்க, மோந்து பார்க்க..."

"அதெல்லாம் பொறக்கும்போதே வந்ததுதானே! அதுக்கு எதுக்குப் பள்ளிக்கூடம்? எழுத்து எங்கே? கணக்கு எங்கே?"

டீச்சருக்குப் பதில் இருந்தது. ஆனால் அது நெஞ்சிலிருந்து வாய்க்கு வருவதற்குள் கலைந்துபோனது. டொக் டொக் டொக் என்று மரத்தைக் கொத்தினார்.

"பார்த்தீங்களா? பதில் இல்ல!" என்று எல்லோர் பக்கமும் திரும்பினார் கருவாலன். "பக்கத்துக் காட்டுல ஒரு கழுதை வாத்தியார் இருக்கார். அவர் பாடம் நடத்தினா ரெண்டு மலைக்கு அந்தப் பக்கம் கேட்கும்! திங்கள்கிழமையே வரச் சொல்றேன். இந்த டீச்சர் வேண்டாம்கிறவங்க வாலைத் தூக்குங்க!"

மந்தியம்மா வாலைத் தூக்கினாள். அணிலம்மாவின் வால் மேலே போயிற்று, கீழே வந்தது, மறுபடி மேலே போயிற்று. முள்ளம்பன்றியப்பா யோசித்து யோசித்துப் பாதி முள்ளைத் தூக்கினார்.

"முயலம்மா, நீங்க தூக்கியிருக்கீங்களா, இல்லையா?" என்று கேட்டார் கருவாலன்.

"என் வால் எப்பவும் இப்படித்தாண்ணே இருக்கும்!"

"முள்ளைத் தூக்கினா கணக்கு உண்டா?" என்று மந்தியம்மா கேட்டாள்.

"அணிலம்மா, ஒரு முடிவுக்கு வாங்க!"

"நான் வாலை ஆட்டிக்கிட்டிருக்கேன்! அது எங்க வழக்கம்!"

மொத்தம் எத்தனை வால் தூக்கியிருக்கிறது என்றே தெரியவில்லை. ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். கூச்சல் ஏறியது. இதைக் கேட்டு ஊசியின் முட்கள் சிலிர்க்கத் தொடங்கின. செவலை அவன் காதருகே குனிந்து மெல்ல ஏதோ சொன்னான். முட்கள் படுத்தன. அதை யாரும் கவனிக்கவில்லை. பிள்ளைகள் மட்டும் கவனித்தார்கள்.

அப்போது பஞ்சி எழுந்து நின்றாள். கூச்சலுக்கு நடுவே பேசாமல் நின்றாள். பெரியவர்கள் ஒவ்வொருவராக அவளைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்கள்.

"நீங்களும் ஒரு தடவை விளையாடிப் பாருங்களேன்" என்றாள் அவள்.

"விளையாட எங்களுக்கு நேரம் இல்ல!" என்றார் கருவாலன்.

"பயமா இருக்காண்ணே?" என்று முயலம்மா கேட்டாள். அவள் கேலிக்குக் கேட்கவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது, அதனால் கேட்டாள். ஆனால் கருவாலனுக்குச் சுருக்கென்றது.

"எனக்கா பயம்? என்ன விளையாட்டு? சொல்லுங்க!"

டீச்சருக்கு இப்போது கொஞ்சம் தைரியம் வந்தது. "சுலபம்தான் சார். உங்க கண்ணைத் தேக்கிலையால கட்டிடுவோம். பிள்ளைங்க கலைஞ்சு நிப்பாங்க. 'நான் இங்கே'ன்னு மட்டும் சொல்வாங்க. நீங்க உங்க பிள்ளையைக் கண்டுபிடிக்கணும். தொட்டுத் தடவக் கூடாது, மோந்து பார்க்கவும் கூடாது. குரல் மட்டும்தான்!"

"பெத்த பிள்ளை குரல் தெரியாதா! இது ஒரு போட்டியா?" என்று கருவாலன் சிரித்தார். "நான் கண்டுபிடிச்சிட்டா இந்த டீச்சர் மூட்டையைக் கட்டணும்! சம்மதமா?"

டீச்சரின் அலகு மரத்தை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. "சம்மதம்" என்றார்.

ஐந்து பெரியவர்களின் கண்களும் தேக்கிலையால் கட்டப்பட்டன. பிள்ளைகள் ஓசையில்லாமல் இடம் மாறி நின்றார்கள்.

"நான் இங்கே... நான் இங்கே..."

மந்தியம்மா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினாள். "என் கண்ணே! அம்மா வந்துட்டேன்டா!" என்று கட்டிப்பிடித்தாள். அவள் கட்டிப்பிடித்தது மருதமரத்தை.

முள்ளம்பன்றியப்பா அணில் குட்டி ஒன்றின் முன்னால் நின்று, "நீதானே ஊசி?" என்றார். "இல்ல மாமா" என்றது அது. "அப்படின்னா குரலை எதுக்கு அவனை மாதிரி வச்சிருக்க?" என்று கோபித்துக்கொண்டார்.

அணிலம்மா தன் இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவே நின்று தலையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, ரெண்டு பக்கமும் ஒரே குரலா இருக்கே! இதுல எவன் பெரியவன்? கண்ணைத் திறந்தாலே எனக்குக் குழப்பம்தான்!"

முயலம்மா மட்டும் நடுங்கிக்கொண்டே, நின்று நின்று, காதைத் திருப்பித் திருப்பி நடந்தாள். வழியில் கருவாலன் மேல் மோதி, "மன்னிச்சுக்குங்கண்ணே!" என்று அலறி விலகினாள். ஆனால் கடைசியில் பஞ்சியின் முன்னால் வந்து நின்றுவிட்டாள். "இதுவா?" என்றாள். அவளுக்கே நம்பிக்கை இல்லை.

கருவாலன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். செவலை அவருக்கு நேர் எதிரேதான் நின்றிருந்தான்.

"நான் இங்கே" என்றான் செவலை.

கருவாலன் காதைத் தீட்டினார். தலையை ஆட்டினார். அவனைக் கடந்து போனார்.

செவலை திகைத்தான். திரும்பி, மறுபடி சொன்னான். "நான் இங்கே."

"யாருப்பா அது குறுக்கே? தள்ளிப் போ!" என்றார் கருவாலன். "டேய் செவலை! எங்கடா இருக்க? சத்தமா சொல்லு!"

"நான்... இங்கே" என்றான் செவலை. இந்தத் தடவை குரல் உடைந்தது.

கருவாலன் அதைக் கேட்டார். கேட்டுவிட்டு, "யாரோ பாவம் அழறான். யாராவது பாருங்க!" என்று சொல்லிக்கொண்டே நேராகப் போய், உரக்கக் கத்திக்கொண்டிருந்த துள்ளனின் தோளைப் பிடித்தார். "இதோ! இவன்தான் என் மகன்! நான் சொல்லல?"

யாரும் கைதட்டவில்லை. கருவாலன் இலையை அவிழ்த்தார். கையில் துள்ளன். பின்னால் திரும்பினால் செவலை. அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

கருவாலனுக்கு ஒன்றும் புரியவில்லை. அங்கே பார்த்தார், இங்கே பார்த்தார். "இது ஏமாத்து வேலை!" என்று கத்தினார். "இவன் குரலை மாத்திட்டான்! டீச்சர் சொல்லிக் கொடுத்திருக்காங்க!"

"நான் மாத்தலப்பா" என்றான் செவலை. "இதுதான் என் குரல்."

"அப்ப வீட்டுல பேசறது?"

"அது நான் கத்தறது. கத்தினாத்தானே உங்களுக்குக் கேட்கும்?"

கருவாலன் அடம்பிடிக்கிற குரலில், "சரி, பெரியவங்களுக்கு முடியல. இவங்களுக்கு மட்டும் முடிஞ்சிடுமா? பிள்ளைங்க கண்ணைக் கட்டுங்க. நாங்க வாயே திறக்க மாட்டோம். கண்டுபிடிக்கட்டும் பார்ப்போம்!" என்றார்.

பிள்ளைகளின் கண்ணில் இலை ஏறியது. பெற்றோர் தள்ளித் தள்ளி நின்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார்கள்.

பிள்ளைகள் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார்கள். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். பிறகு ஒருவர் கையை ஒருவர் தேடிப் பிடித்துக்கொண்டார்கள். ஊசி நடுவில் இருந்தான். அவன் முட்கள் படிந்திருந்தன.

"துள்ளா, உங்கம்மா எனக்கு வலப்பக்கம். சொறிஞ்சுக்கிற சத்தம் கேட்குது" என்றாள் பஞ்சி.

"ஊசி, உங்கப்பா முள்ளு ஒண்ணோட ஒண்ணு உரசுது. நேரா போ" என்றது ஒரு அணில்.

எல்லாமே சரியாக நடந்துவிட்டது என்று சொல்ல முடியாது. துள்ளன் வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் குழம்பி, டீச்சரின் காலைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, உனக்கு ஏன் கால் இவ்வளவு மெலிஞ்சு போச்சு?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்புச் சத்தத்தை வைத்து அவன் அம்மாவைக் கண்டுபிடித்துவிட்டான்.

செவலை மட்டும் தனியாக நடந்து போனான். கருவாலன் அசையாமல் நின்றிருந்தார். செவலை அவர் முன்னால் வந்து நின்று, "அப்பா" என்றான்.

கருவாலன் மகனின் கண்ணிலிருந்த இலையை அவிழ்த்துவிட்டார். "நான் மூச்சுகூட விடலையே! எப்படிடா கண்டுபிடிச்ச?"

"உங்க இடது காலு மண்ணைக் கீறுச்சுப்பா."

"நானா கீறினேன்?"

"ஆமா. கோபம் வந்தா வலது காலால கீறுவீங்க. மனசு கஷ்டமா இருந்தா இடது காலால."

கருவாலன் குனிந்து தன் காலைப் பார்த்தார். மண்ணில் நாலைந்து கோடுகள் இருந்தன. இத்தனை வயதாகியும் இது அவருக்கே தெரியாது. தனக்கு மனசு கஷ்டப்படும் என்பதே வீட்டில் யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தார்.

மரங்கொத்தி பக்கம் திரும்பி, "டீச்சர்" என்றார். "கழுதை வாத்தியாரை வரச் சொல்லல."

"நானும் ஒண்ணு சொல்லணும் சார்" என்றார் செங்கொண்டை டீச்சர். "நீங்க கேட்டதுல ஒண்ணு நியாயம். கணக்கும் எழுத்தும் இன்னும் ஆரம்பிக்கல. முன்னாடி சொல்லியிருந்தா பிள்ளைங்க கேட்டிருக்க மாட்டாங்க. இப்ப கேட்பாங்க. திங்கள்கிழமை ஆரம்பிக்கிறேன்."

"ரெண்டும் மூணும் எத்தனைன்னு மட்டும் முதல்ல சொல்லிக் கொடுத்துடுங்க" என்றார் கருவாலன்.

கூட்டம் கலைந்தது. அணிலம்மா எந்தப் பிள்ளை எது என்று கேட்டுக்கொண்டே போனாள். மந்தியம்மா மரத்தில் இடித்த நெற்றியைத் தேய்த்துக்கொண்டு போனாள். நரியும் நரிமகனும் குளக்கரை வழியாக வீட்டுக்கு நடந்தார்கள்.

பாதி வழியில் செவலை அந்த மெல்லிய குரலில் ஏதோ சொன்னான்.

கருவாலனுக்குக் கேட்கவில்லை. நின்றார். காதைத் திருப்பினார். அப்போதும் கேட்கவில்லை. "இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுடா" என்றார்.

"வேண்டாம்ப்பா" என்றான் செவலை. "நீங்க கொஞ்சம் குனிங்க."

அந்தக் காட்டில் யார் முன்னாலும் குனியாத கருவாலன், முன்னங்காலை மடித்து, தன் காதை மகனின் வாயருகே கொண்டுபோனார்.

அடுத்தவர் சொல்வதை அமைதியாக, உன்னிப்பாகக் கேட்கத் தெரிந்தவர்களுக்கே படிப்பும் வரும், உறவும் நிலைக்கும்.